உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்க
(திருப்பாச்சூர் மருத்துவ முகாமில் தோல் மருத்துவர் ஒருவரின் பேச்சிலிருந்து)

கம்பெனியில் நாள் முழுக்க ஷூ போட்டிருக்கிறவங்க, உள்ளங்காலைப் பார்த்து எத்தனை நாளாச்சு? மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம்மிடையே அபூர்வம்தான். ஆனால் வந்தால், வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்கூட வரும். கால் ஆணின்னு நினைச்சு பிளேடால சீவிக்கிட்டே இருப்பாங்க!

பரவிவிட்டால் முன்பு வழி குறைவு. 2011 முதல் வந்த இம்யூனோதெரபி மருந்துகள் அதை மாற்றின. உடம்பின் பாதுகாப்பு அணுக்களுக்குப் புற்றுநோய் போட்ட பிரேக்கை இந்த ஊசி விடுவிக்கிறது. கண்டறிந்த ஆலிசன், ஹோன்ஜோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு. எல்லோருக்கும் கேட்காது, உள்ளங்கால் வகைக்குப் பலன் குறைவு, விலையோ அதிகம்.

அதனால மச்சம் கறுத்து விரிந்தாலோ, புண் ஆறாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. தொடக்கத்திலேயே வெட்டி எடுத்துட்டா, பெரும்பாலும் அந்த ஊசியே வேண்டியிருக்காது.