பாட்டால் எழுந்த கல்விக்கூடம்



இவ்வெள்ளி விழாவில் “கல்வியும் கலையும்” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். இதனை எண்ணுங்கால் அமெரிக்க நாட்டுப் பாடற்குழு ஒன்றின் வரலாறு நம் நினைவுக்கு வருகின்றது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள், தம் பாட்டினாலேயே ஒரு கல்விக்கூடத்தை நிலைநிறுத்திய வரலாறு அது.

அமெரிக்கத் தென் மாநிலங்கள் பலவற்றில், அடிமைகளாயிருந்த கருப்பின மக்களுக்கு எழுத்துக் கற்பிப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிந்தது. 1866 சனவரியில் நாஷ்வில் நகரில், போர்க்கால மருத்துவமனையாயிருந்த மரக் கொட்டகைகளில் ஃபிஸ்க் பள்ளி திறக்கப்பட்டது. அடிமைகளைப் பூட்டிய விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் எழுத்துப் புத்தகங்கள் வாங்கினார்கள் என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறும். இதனினும் சிறந்த பாடம் எந்தப் பாடநூலில் உண்டு?

ஐந்தாண்டுகளில் கொட்டகைகள் சிதைந்தன, கடன் பெருகிற்று. அங்குப் பொருளாளராகவும் இசையாசிரியராகவும் விளங்கிய ஜார்ஜ் ஒயிட், 1871 அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பது பாடகர்களை அழைத்துக்கொண்டு நிதி திரட்டப் புறப்பட்டார். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். குழுவின் தூணாக நின்ற எல்லா ஷெப்பர்டு அம்மையார், குழந்தைப் பருவத்தில் தம் தந்தையாரால் விலைகொடுத்து மீட்கப்பட்டவர்.

வழியில் விடுதிகள் பல அவர்களுக்கு இடம் தர மறுத்தன. அந்நிலையிலும், சிகாகோ நகரம் தீயால் அழிந்த செய்தி கேட்டதும், சின்சினாட்டியில் கிடைத்த சிறு தொகையை அந்நகர மக்களுக்கே வழங்கிவிட்டனர். கையில் இல்லாதபோதும் கொடுக்கும் உள்ளம் அவர்களிடம் இருந்தது. பின்னர் கொலம்பஸ் நகரில் ஒயிட் அவர்கள் குழுவுக்கு “ஜூபிலி பாடகர்” என்று பெயரிட்டார். விவிலியம் கூறும் ஐம்பதாம் ஆண்டு, அடிமைகள் விடுதலை பெறும் ஆண்டு. அதுவே ஜூபிலி. நாம் இன்று கொண்டாடும் வெள்ளி விழாவும் அச்சொல்லின் வழிவந்ததே.

இளைஞர்களே, இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தொடக்கத்தில் அவர்கள் மேடையில் பாடியவை பெரும்பாலும் வெள்ளையர் விரும்பிய பாடல்களே. வயற்காட்டிலும் வழிபாட்டிலும் தம் பெற்றோர் பாடியவற்றை அவர்கள் தமக்குள் மட்டுமே பாடிக்கொண்டனர். அவை அடிமை வாழ்வை நினைவூட்டியமையால் மறக்க வேண்டியவை என்றும், பெற்றோர்க்குப் புனிதமானவை ஆதலின் பிறர்முன் பாடத்தகாதவை என்றும் தயங்கினர். தயக்கம் நீங்கி அவற்றை மேடையேற்றிய பின்னரே மன்றங்கள் நிறைந்தன. 1872இல் குடியரசுத் தலைவர் கிராண்டு முன்னிலையிலும், 1873இல் விக்டோரியா அரசியார் முன்னிலையிலும் பாடினர். திரட்டிய நிதியால் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876இல் திறக்கப்பெற்றது. ஊர் ஊராய்ப் பாடித் திரிந்தமையால் அவர்களுள் பலர் தம் படிப்பை முடிக்க இயலாமற் போயிற்று. தாம் இழந்த கல்வியைப் பின்வந்தோர்க்கு வழங்கியவர்கள் அவர்கள்.

அக்குழு இடையில் கலைந்ததும் உண்டு. மீண்டும் எழுந்ததும் உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் 6ஆம் நாளை ஜூபிலி நாளாகக் கொண்டாடி, முதற்குழுவினரின் கல்லறைகளுக்குச் சென்று பாடுதல் அவர்தம் மரபு. இசைக்கருவித் துணையின்றிக் குரலாலேயே பாடும் முறையையும் காத்து வருகின்றனர். 150ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த இசைத்தொகுப்புக்கு 2021இல் கிராமி விருது கிடைத்தது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். “படித்துவிட்டோம், பாட்டியின் நடவுப் பாட்டு நமக்கெதற்கு?” என்று கேட்போர் நம்மிடையே உளர். இழவு வீட்டில் பறையடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை நம் முன்னோர் மறுத்து எழுந்தது மான உணர்ச்சியின் வெளிப்பாடு. அம்மறுப்பு போற்றத்தக்கது. ஆயின் மறுக்க வேண்டியது கட்டாயத்தை, கலையை அன்று. பிறர் ஏவலுக்கு அடிக்கும் பறை வேறு. நம் பிள்ளைகளின் கல்விக்காக நாமே முழக்கும் பறை வேறு. கருவி ஒன்றே, அதனை ஏந்தும் கை யாருடையது என்பதே வினா.

ஆதலின் நம் இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: வீட்டிலுள்ள மூதாட்டியர் பாடும் தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள், பாடியவர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். இரண்டு: குரலையும் பதிவு செய்து சங்க நூலகத்தில் வையுங்கள், ஏட்டில் சொல் நிற்கும், மெட்டு நில்லாது. மூன்று: ஆண்டு விழாதோறும் அவற்றைச் சங்க மேடையில் பாடுங்கள்; அந்நாளில் சேரும் நன்கொடை, கட்டணம் செலுத்த இயலாத மாணவ மாணவியர்க்குச் செல்லட்டும்.

பாடத் தெரிந்த முதியோர் ஒருவர் மறையுந்தோறும் ஓர் ஏடு எரிகின்றது. அடுத்த விழா வரை காத்திராமல், வரும் ஞாயிறன்றே ஒரு பாட்டை எழுதத் தொடங்குவோம். வாழ்க நம் சங்கம்!