கடற்கரைக் கோடு: போனில் தெரிவதும் சட்டம் சொல்வதும்



உங்க போனில் மேப் செயலியைத் திறந்து, உங்க ஊர் கடற்கரைக்குப் போங்க. நீலமும் தரையும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு தெரியுதா? இன்னைக்கு அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேசப் போறோம்.

முதலில், அதை எப்படி வரைகிறார்கள்? கியூஜிஐஎஸ் மாதிரி இலவச மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியாக வைத்து, கரையோரமாகப் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து இணைப்பார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: வரையும் திசையில் இடப்பக்கம் நிலம், வலப்பக்கம் கடல். திசை மாறினாலோ, இடையில் கோடு விட்டுப்போனாலோ, ஊரே நீலமாகி கடலுக்குள் போய்விடும்!

எத்தனை புள்ளி வைக்கிறோம் என்பதும் முக்கியம். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கி.மீ. என்று பல காலம் படித்தோம். மறு அளவீட்டில் அது 11,098.81 கி.மீ. ஆனது. தமிழ்நாட்டின் கரை 906.9-லிருந்து 1,068.69 கி.மீ. ஆனது. புதுசா நிலம் முளைச்சதா? இல்லை. முன்பு நேராகப் போன கோடு, இப்போது கழிமுகம், தீவு, வளைவு என்று எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. அவ்வளவுதான்.

கடலுக்கு உள்ளேயும் கோடுகள் உண்டு. ஒரே ஆழமுள்ள இடங்களை இணைப்பவை ஆழக்கோடுகள். நம் மீனவர்கள் 'பாகம்' கணக்கில் மனசுக்குள் வைத்திருக்கும் அதே விஷயம்தான். கடலோடிகளுக்கான அதிகாரப்பூர்வ வரைபடங்களை டேராடூனில் உள்ள கடற்படையின் நீர்ப்பரப்பு ஆய்வு அலுவலகம் வெளியிடுகிறது. சாதாரண மேப் செயலியின் நீல நிறத்தை நம்பிப் படகு ஓட்டாதீர்கள்.

இப்போ வீட்டு விஷயத்துக்கு வருவோம். செயற்கைக்கோள் படத்தில் தெரிவது, படம் எடுத்த நொடியில் தண்ணீர் நின்ற இடம். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பார்ப்பது அதை அல்ல, உயர் ஓதக் கோட்டை. அதாவது, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் நீர் ஏறும் எல்லை. அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஊரகப் பகுதிகளில், மக்கள் நெருக்கத்தைப் பொறுத்து முதல் 50 அல்லது 200 மீட்டர் வளர்ச்சிப் பணிகளுக்குத் தடையுள்ள பகுதி.

ஒரு சின்னக் கணக்கு. 1:25,000 அளவு வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு, தரையில் 12.5 மீட்டர். ஒரு வீடே அதுக்குள்ள அடங்கிடும்! அதனால் உங்க மனை உள்ளேயா வெளியேயா என்று அந்தப் படத்தை வைத்து முடிவு செய்யாதீங்க. சர்வே எண் தெரியும் 1:4,000 அளவு கிராம வரைபடத்தைக் கேளுங்க. அதில் அதே கோடு 2 மீட்டர்தான்.

நீங்க செய்ய வேண்டியவை:

1. கடற்கரையோரம் மனை வாங்கும் முன், கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் சர்வே எண்ணைச் சரிபாருங்கள். தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம்தான் இதற்கான அமைப்பு.

2. மீனவ கிராமம் என்றால், மீன் காய வைக்கும் இடம், படகுத்துறை, பொதுவெளி எல்லாம் கிராம வரைபடத்தில் இருக்கிறதா பாருங்கள். அவற்றைக் குறிக்க வேண்டும் என்பது விதி.

3. விடுபட்டிருந்தால், லொகேஷனை ஆன் செய்து போட்டோ எடுங்கள். வரைவு வரைபடம் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது, சர்வே எண்ணோடு எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். அதனால் அருகில் உள்ள கோயில், பள்ளி, கிணறு போன்ற அடையாளத்தையும் எழுதுங்கள்.

வரைகிறவர் கணினி முன்னால் இருக்கிறார். ஓதம் எதுவரை ஏறும், வலை எங்கே காயும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வரைவு வந்ததும் திறந்து பாருங்க, பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டுங்க.