கையொப்பம் இடுமுன்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் விபத்தைப் பற்றிப் பேசலாமோ என்று சிலர் எண்ணக்கூடும். கோடை விடுமுறை வந்ததும் நம் காலனிக் குடும்பங்கள் பல சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றன. தில்லி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர் வழியாகக் குமரியை அடையும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நெடியது. வழியில் நேர்வதை யார் அறிவார்? ஆதலின் இதனைத் தெரிந்து வைத்தல் நலம்.

விபத்தில் நட்டம் இருவகைப்படும். வண்டியின் சேதம் அன்றே கண்ணுக்குத் தெரியும். பட்டறைக்காரர் செலவைக் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். உடலின் சேதம் அத்தகையதன்று. முறிந்த எலும்பு கூடிய பின்னும் முழங்கால் முன்போல் மடங்குமா என்பது பல மாதங்கள் சென்றே விளங்கும். எனவே இவ்விரண்டையும் ஒரே காகிதத்தில் தீர்த்துக்கொள்ளல் ஆகாது. நம் வண்டியின் பழுதுக்காக நம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பணம் பெறுவதால், காயத்திற்காக எதிர் வண்டியின் மீது நமக்குள்ள உரிமை அழிவதில்லை. ஆனால் "சகல கோரிக்கைகளும் தீர்ந்தன" என்னும் வாசகத்தின் கீழ்க் கையொப்பமிட்டால், பின்னர் வழக்காடுவது பெரும்பாடாகும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலே மரணத்திற்கு 5 லட்சமும், கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சமும் பெறலாம். அவசரத் தேவையுள்ளோருக்கு இது பேருதவியே. எனினும், அத்தொகையைச் சமரச முறையில் ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் தொடுத்த மனு அத்துடன் காலாவதியாகும். லோக் அதாலத்தில் உடன்பட்டுப் பெறும் தீர்வுக்கும் மேல்முறையீடு இல்லை.

தீர்ப்பாயமும் ஒரு விபத்துக்கு இருமுறை தொகை வழங்காது. இறுதித் தீர்ப்புக்குப் பின் மீண்டும் நட்ட ஈடு விதிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் கூறியது. ஆகவே இனி வரப்போகும் அறுவைச் சிகிச்சையின் செலவையும் முதல் வழக்கிலேயே கேட்டுவிட வேண்டும். ஊனத்தின் சதவீதம் மட்டும் பார்த்தால் போதாது, அவ்வூனம் அவர் தொழிலை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் காண வேண்டும் என்று அந்நீதிமன்றமே 2010-இல் விளக்கியது. இடக்கையை இழந்த குமாஸ்தா தம் பணியைத் தொடரலாம்; தச்சருக்கோ பிழைப்பே போய்விடும்.

அப்படியாயின் காயம் ஆறும்வரை காத்திருக்கலாமா? கூடாது. விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 1-4-2022 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றுள்ளன. ஆயினும் அதை நம்பிக் காலம் தாழ்த்தலாகாது. மனுவை விரைந்து கொடுங்கள்; சமரசத்திற்கு மட்டும், உடல்நிலை உறுதிப்படும் வரை பொறுத்திருங்கள். சமரசம் தீதன்று; நெடுநாள் வழக்கினும் அது நன்று. காயத்தின் அளவை மருத்துவர் சொல்லுமுன் செய்யும் சமரசமே தீது.

வெளியூரில் வாழும் நமக்குச் சட்டம் ஒரு சலுகை தந்திருக்கிறது. விபத்து நாகபுரியில் நேர்ந்தாலும், நாம் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். மகளிர்க்கு, வருமானம் எவ்வளவாயினும், சட்ட உதவி இலவசம்.

மருத்துவச் சீட்டு, மருந்துக் கடை ரசீது, விடுப்புக் கணக்கு, சம்பளச் சான்று ஆகிய அனைத்தையும் ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள். இந்தி மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதிய பத்திரமாயின், அதனை அறிந்தவர் படித்துப் பொருள் சொன்ன பின்னரே பேனாவை எடுங்கள். நம் சங்கத்தில் அத்தகைய அன்பர் பலர் இருக்கின்றனர். நள்ளிரவாயினும் அவர்களை அழைக்கத் தயங்க வேண்டாம்.

அனைவரும் நலமே சென்று நலமே மீள்க!