தேரோடு போகும் இசை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரை)



வீடியோ கேம் இசையைச் செவ்வியல் இசை ரசிகர்கள் ஏற்க வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. ஏற்க வேண்டும் என்பதே என் கட்சி. நான் பொதுமக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்றவள். கச்சேரி மேடை ஏறியவள் அல்ல. ஆகவே ராக இலக்கணம் பேசப் போவதில்லை. பினாங்குக்காரர் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. வழியெங்கும் தேங்காய் உடைக்கிறார்கள். ரதம் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது. சுவாமி ஊர்வலத்தில் வாசிக்கும் நாகஸ்வரக் கலைஞர் என்ன செய்கிறார்? சுவாமி நின்றால் ராகத்தை நீட்டுகிறார். சுவாமி நகர்ந்தால் தவிலோடு சேர்ந்து நடைக்குத் தக்கபடி மாற்றுகிறார். எங்கே முடிப்பது என்பதை ஊர்வலம் தீர்மானிக்கிறது.

வீடியோ கேமுக்கு இசையமைப்பவரின் சிக்கலும் இதுவே. சினிமா இசையமைப்பாளருக்குக் காட்சி எத்தனை விநாடி என்பது முன்பே தெரியும். இவருக்குத் தெரியாது. விளையாடுகிறவர் ஓர் அறையை ஒரு நிமிடத்தில் கடக்கலாம்; ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றலாம். ஆகவே இசையைத் துண்டு துண்டாகவும் அடுக்கு அடுக்காகவும் எழுதுகிறார். அமைதியில் ஒரு குழல். ஆபத்து நெருங்கினால் அதன்மேல் முரசு. ஆபத்து நீங்கினால் தாளம் தவறாமல் முரசு விலக வேண்டும். 1978ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்திலேயே எதிரிகள் நெருங்க நெருங்க நான்கு சுரங்கள் வேகம் பிடித்தன. இது கைவேலை தெரிந்தவர் செய்யும் காரியம்.

மேல்நாட்டு இசை அரங்குகள் இதை ஒரே நாளில் ஏற்கவில்லை. ஜப்பானில் கோயிச்சி சுகியாமா தமது 'டிராகன் குவெஸ்ட்' இசையை 1987ல் தோக்கியோ மேடையில் ஏற்றினார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில், புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் 2003ல் இத்தகைய கச்சேரி நடந்தது. 'சிவிலைசேஷன் 4' ஆட்டத்துக்காகக் கிறிஸ்டபர் டின் அமைத்த 'பாபா யெட்டு' என்ற சுவாஹிலி மொழிப் பாடல் 2011ல் கிராமி விருது வென்றது. லண்டனின் பி.பி.சி. புரோம்ஸ் விழாவில் 2022ல் ஒரு மாலை முழுவதும் கேம் இசைக்கே ஒதுக்கப்பட்டது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையாக 2023ல் வந்த ஆட்டம் 'வெண்பா'. அதில் வானொலியைப் போட்டுவிட்டுத் தாய் இட்லி அவிக்கிறாள். பழைய திரையிசையின் சாயலில், அந்த ஆட்டத்துக்கென்றே அமைத்த தமிழ்ப் பாட்டு வருகிறது. அடுத்த ஆண்டு அந்த ஆட்டம் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது.

"மேடைக்கு வெளியே, வேறு வேலைக்காக வாசிப்பது எப்படிச் சங்கீதம் ஆகும்?" என்று சிலர் கேட்பார்கள். நாகஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலிலும் கல்யாணத்திலும் தெருவிலும் வாசித்த வாத்தியம் அது. சென்னை மியூசிக் அகாடமி தொடங்கிய ஆண்டு 1928. நாகஸ்வர வித்துவான் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு அது சங்கீத கலாநிதி விருது தந்தது 1956ல். அவருக்கு முந்திய தலைமுறையின் நாகஸ்வரம் மட்டமாகவா இருந்தது? வாசிப்பு முன்பே உயர்ந்துதான் இருந்தது. சபையின் காதுதான் தாமதமாக வந்து சேர்ந்தது.

எல்லா கேம் இசையும் உயர்ந்தது என்று நான் வாதாடவில்லை. திரும்பத் திரும்ப வந்து தலைவலி தருவதும் நிறைய உண்டு. சினிமாவிலும் கச்சேரியிலும் அப்படி இல்லையா? கேட்டுவிட்டுத் தள்ளுங்கள், கேட்காமல் தள்ளாதீர்கள்.

இதில் நமக்கு என்ன நட்டம் என்கிறீர்களா? பிள்ளைகளை வயலின் வகுப்புக்கு அனுப்புகிறோம். எஸ்.பி.எம். நெருங்கியதும் பல வீடுகளில் வயலின் பெட்டி அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. அதே பிள்ளை கேமில் கேட்ட மெட்டை, யாரும் சொல்லித் தராமலே கீபோர்டில் தேடித் தேடி வாசிக்கிறது. சுரம் தேடும் அந்தக் காதைத்தானே நாமும் வளர்க்க ஆசைப்படுகிறோம்? அதைப் பார்த்து "விளையாட்டுப் புத்தி" என்று ஏசினால், நமது சபைக்கு நாளை வரவேண்டிய ரசிகரை இன்றே வாசலில் நிறுத்தி விடுகிறோம்.

இசை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு மாணவர் கச்சேரியில் கீர்த்தனைகளுக்குப் பிறகு ஒரே ஒரு கேம் இசைக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். அழைப்பிதழில் அதன் இசையமைப்பாளர் பெயரையும் அச்சிடுங்கள். பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளையின் காதுக் கருவியை வாங்கி ஒரு மெட்டை முழுதாகக் கேளுங்கள். பிடித்ததா இல்லையா என்பதைப் பிறகு அவனிடமே சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.