படிப்புக்குச் சேரும் பணம்

மாணவர் கட்டும் கட்டணத்தை மட்டும் நம்பி ஒரு பல்கலைக்கழகம் நடப்பது உலகில் எங்கும் அரிது. ஒரு பங்கை அரசு மானியம் தாங்குகிறது. அதற்கும் எட்டாமல் நிற்கும் செலவுகள் பல: வசதியில்லாத மாணவரின் விடுதிச் சாப்பாடு, நூலகத்துக்கு வாங்கும் புத்தகம், புதிதாகத் தொடங்கும் துறைக்கு ஒரு பேராசிரியரின் சம்பளம். இவற்றுக்குத்தான் நன்கொடை திரட்டப்படுகிறது. எவ்வளவு திரண்டது என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பணம் எந்த நிபந்தனையோடு வருகிறது, வந்தபின் எங்கே தங்குகிறது, அதை எடுத்துச் செலவிடும் உரிமை யாருக்கு என்ற கேள்விகளில்தான் ஒரு கல்வி நிறுவனத்தின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குத் தொன்மையான விடை ஒன்று கல்லிலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் ஊரிலுள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, அங்கே நடந்த ஓர் உயர்கல்விச் சாலையின் கணக்கைச் சொல்கிறது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். அவர்களுக்காக ஒதுக்கப்பட்ட நிலம் 45 வேலி. எந்தப் பாடம் படிக்கும் மாணவருக்கு நாளொன்றுக்கு எத்தனை நாழி நெல் என்பதுவரை அதில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. நிலத்தை விற்பதற்கு இடமில்லை. அதன் விளைச்சலில் மட்டுமே சாலை நடக்கும். அதே சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளை விட்டவர்கள், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதிவைத்தார்கள். ஆடு செத்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது, விளக்குக்கு நெய் நிற்காது. இன்றைய பல்கலைக்கழகங்கள் நிலைநிதி என்று எதைச் சொல்கின்றனவோ, அதன் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. முதல் கரையக் கூடாது, வருவாய் மட்டும் செலவாக வேண்டும்.

இந்த இலக்கணம் இல்லாமல் திரட்டிய பணம் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையின் வரலாறு தெளிவான சான்று. அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களில் தங்கினார்கள். ஊர்ப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பிறகு 1823இல், தமிழ் மாணவருக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று திட்டம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டு, உதவி கேட்டார்கள். அந்த ஆண்டிலேயே டேனியல் பூர் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி திறந்தது. உதவியவர்களில் ஒருவர் இலங்கையில் நீதிபதியாக இருந்த ரிச்சர்ட் ஒட்லி. அவர் பெயரைத் தாங்கிய ஒட்லி மண்டபம் அந்த வளாகத்தின் அடையாளங்களில் ஒன்று.

பணம் வந்த வழி கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோர ஊர்களில் உள்ள சபைகளும் பெண்கள் சங்கங்களும் சிறுகச் சிறுகச் சேர்த்து, பாஸ்டனில் இருந்த மிஷன் தலைமைக்கு அனுப்பின. மிஷனின் மாத இதழ் ஒவ்வொரு நன்கொடையையும் ஊர்ப்பெயரோடும் தொகையோடும் அச்சிட்டது. ஒரு மாணவனின் செலவை ஏற்கும் சபை, அவனுக்கு ஒரு பெயரும் சூட்டலாம். தங்கள் பாதிரியாரின் பெயரையோ, மதித்த பெரியவர் ஒருவரின் பெயரையோ அந்தச் சபை யாழ்ப்பாணத்துப் பையனுக்குக் கொடுத்தது. ஈழத்துத் தமிழறிஞர் வரிசையில் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்று இரட்டைப் பெயர்கள் காணப்படுவதற்குப் பின்னணி இதுதான். உதயதாரகை இதழை 1841இல் தொடங்கி நடத்தியவர்களும் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற பெயர் கொண்ட தமிழர்களே.

நிதி திரட்டும் கலையில் இது வலிமையான முறை. கொடுப்பவருக்குத் தம் பணம் ஒரு முகத்தோடும் பெயரோடும் தெரிகிறது. அடுத்த ஆண்டும் கொடுக்கத் தோன்றுகிறது. இன்றைக்கும் ஒரு மாணவரின் படிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கும் அமைப்புகள் இதே வழியில்தான் செல்கின்றன. ஆனால் பெறுபவன் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஒரு வலி இருக்கிறது. படிப்பதற்காகத் தன் சொந்தப் பெயருக்கு முன்னால் வேறொருவரின் பெயரைச் சுமக்க நேர்ந்தது சிறிய விலை அல்ல. உதவி பெறும் மாணவரின் படத்தை விளம்பரத்தில் போடாமலும், மேடையில் ஏற்றிக் காசோலை வாங்கவைக்காமலும் இருப்பது ஓர் அறக்கட்டளைக்குக் குறைந்தபட்ச நாகரிகம். வட்டுக்கோட்டையின் காலத்துக்கு அது தெரியவில்லை என்றால், இந்தக் காலத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது.

கல்வியின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. கணிதம், வானியல், தத்துவம், ஆங்கிலம், தமிழ் இலக்கியம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1850இல் வெளியான தம் நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு ஈடாக இந்த நிறுவனத்தை வைத்துப் பேசினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவரும் இங்கே படித்தவர்கள். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளையின் உழைப்பைத் தமிழுலகம் அறியும். அந்த உழைப்புக்கு அடியில் எங்கோ ஒரு சிற்றூர்ச் சபையார் சேர்த்த சில்லறைக்கும் பங்குண்டு.

இருந்தும் செமினரி நிலைக்கவில்லை. முதல் அடி 1837இல் விழுந்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டு வங்கிகள் சரிந்து பொருளாதார நெருக்கடி வந்தது. நன்கொடை சுருங்கியது, மிஷன் தலைமை அனுப்பும் தொகையும் குறைந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆண்டுதோறும் கை நீட்டிப் பெறும் பணத்தில் நடக்கும் கல்வி, கொடுப்பவரின் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அன்றைக்கே நின்றுபோகும். இரண்டாவது அடி இன்னும் ஆழமானது. பாஸ்டன் தலைமையின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தபின், 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் அரசு உத்தியோகத்துக்கும் வணிக நிலையங்களுக்கும் போகிறார்கள், சமயப் பணிக்கு வருவோர் குறைவு என்பது அவருடைய கணக்கு. கொடுத்தவர்கள் ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்தார்கள். படித்தவர்கள் வேறொரு வாழ்க்கையைத் தேர்ந்தார்கள். நிறுவனம் யாருடையது என்று கேட்கும் வேளை வந்தபோது, பணம் அனுப்பியவரின் சொல்லே செல்லுபடியானது.

அடுத்த அத்தியாயத்தை யாழ்ப்பாணத்தார் எழுதினார்கள். செமினரியில் படித்து வளர்ந்த உள்ளூர்க் கிறித்தவர்கள் மீண்டும் ஒரு கல்லூரி வேண்டும் என்று முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வளாகத்தில் எழுந்தது. இம்முறை அமைப்பு வேறு. யாழ்ப்பாணத்தில் ஓர் இயக்குநர் சபை. பாஸ்டனில் கல்லூரி நிதிக்கென்று தனி அறங்காவலர் குழு. அமெரிக்காவில் திரட்டிய பணம் முதலீடாக அங்கே தங்க, அதன் வருவாய் இங்கே வந்தது. முழு விடுதலை என்று இதைச் சொல்ல முடியாது. முதல் கடலுக்கு அப்பால்தான் இருந்தது. ஆனாலும் ஒரு செயலாளரின் ஒற்றைத் தீர்மானம் கல்லூரியை மூடிவிடும் நிலை நீங்கியது. நூறாண்டு கடந்து 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறந்தபோது, அறிவியல் வகுப்புகள் தொடங்கியது வட்டுக்கோட்டையில், இந்தக் கல்லூரியின் கட்டடங்களில். கலைப் பிரிவுக்கு இடம் தந்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பரமேஸ்வராக் கல்லூரி. அது சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவியது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று, இருவேறு சமயத்தாரின் தனியார் கொடையின்மேல் கால் ஊன்றித்தான் எழுந்தது.

கொடையைக் கொண்டு அரசை அசைத்ததற்குச் சிங்கப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று டான் ஜியாக் கிம் என்ற வணிகர் தலைமையில் 1904இல் மனுக் கொடுத்தார்கள். மக்கள் 71,000 டாலர் திரட்டினால் அரசு பள்ளியை நடத்தும் என்று ஆளுநர் ஜான் ஆண்டர்சன் சொன்னார். திரண்டது 87,000 டாலருக்கும் மேல்; அதில் 12,000 டான் ஜியாக் கிம்முடையது. பள்ளி 1905இல் திறந்தது. அதுவே வளர்ந்து, ராஃபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து, 1949இல் மலாயாப் பல்கலைக்கழகமானது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தங்கள் மொழிக்கு இடம் இருக்கிறதா என்ற கேள்வி 1950களில் சீனரிடமும் தமிழரிடமும் எழுந்தது. சீன சமூகம் தனிப் பல்கலைக்கழகமே கட்டிவிட்டது. ரப்பர் வணிகர் டான் லார்க் சை 1953இல் 50 லட்சம் டாலர் அறிவித்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் கொடுத்தது. மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுநர்கள் ஒருநாள் வருமானத்தை அப்படியே நிதிக்குக் கொடுத்தார்கள். நன்யாங் பல்கலைக்கழகம் 1956இல் வகுப்புகளைத் தொடங்கியது. தமிழர் எண்ணிக்கையும் வசதியும் அதற்குப் போதாது. அவர்களுடைய குறி சிறியது, துல்லியமானது: மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரவிருந்த இந்தியவியல் துறை. அதில் சமஸ்கிருதத்துக்கே முதன்மை என்ற பேச்சு எழுந்தபோது, தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழ் எங்கள் உயிர் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரும் கடைக்காரரும் ஆசிரியரும் கொடுத்த சிறு தொகைகள் துறைக்குத் தமிழ் நூல் வாங்கத் திரண்டன. துறை 1956இல் தமிழை மையமாகக் கொண்டு தொடங்கியது. பின்னர் அதன் தலைவராக வந்த தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். ஒரு பெரும் பணக்காரர் முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுத்திருந்தால், நூல்கள் வந்திருக்கும். ஆனால் இத்தனை பேர் இந்தத் துறை வேண்டுமென்கிறார்கள் என்ற சான்று வந்திருக்காது. சிறு நன்கொடையின் அரசியல் வலிமை அதுவே.

அண்மையில் தமிழரை உலகெங்கும் ஒன்று திரட்டியது ஹார்வர்ட் தமிழ் இருக்கை, அதாவது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் பதவிக்கான நிலைநிதி. அமெரிக்காவில் வாழும் தமிழ் மருத்துவர் இருவர் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். தேவை 60 லட்சம் டாலர். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. பல நாட்டுத் தமிழர் அனுப்பிய தொகைகளும் சேர, 2018இல் இலக்கு நிறைந்தது. ஒரு பேராசிரியருக்கு இவ்வளவா என்று பலர் வியந்ததற்கு விடை கணக்கில் இருக்கிறது. முதலைத் தொடாமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு எடுத்தால் 3 லட்சம் டாலர் கிடைக்கும். சம்பளமும் ஆய்வுச் செலவும் அதிலிருந்து காலம் முழுவதும் நடக்கும். ஏற்கெனவே 3,500 கோடி டாலருக்கு மேல் நிலைநிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்குத் தமிழர் ஏன் கொடுக்க வேண்டும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அயல்நாட்டில் தமிழ்ப் படிப்பு, நிதி வெட்டு வரும்போதெல்லாம் முதலில் பலியாகாமல் இருக்க நிலைநிதி ஒன்றே காப்பு என்பதும் உண்மை.

புகழுள்ள பெயருக்குப் பணம் விரைவில் திரளும். தேவை மிகுந்த இடத்துக்கு மெல்லத்தான் திரளும். கட்டடத்துக்குக் கொடையாளர் கிடைப்பார். அதன் மின்கட்டணத்துக்குக் கிடைக்க மாட்டார். தங்கப் பதக்கத்துக்கு அறக்கட்டளை வைப்பவர் பலர். மூன்றாம் பருவத்தில் விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் ஊருக்குப் போய்விட்ட மாணவிக்கென்று ஒரு தொகையை வைத்திருப்பவர் சிலரே. படிப்பு நடுவில் அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாயில்தான் இருக்கிறது. பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஒரு மாதச் சாப்பாடு. அங்கே உடனே எடுத்துக் கொடுக்கக்கூடிய சிறு நிதி ஒன்று துறைத்தலைவர் கையில் இருந்தால், பட்டம் ஒன்று காப்பாற்றப்படும். நிதி திரட்டுவோர் முதலில் கேட்க வேண்டியது இதற்காகத்தான்.

கொடுப்பதற்கான சட்ட வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் வருமானவரிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு இந்தியாவில் வரி கட்டுபவர் கொடுக்கும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைப்பதுண்டு. ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். அயல்நாட்டுக் குடிமகன் ஒருவர் அனுப்பும் நன்கொடை 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். பெறும் நிறுவனம் அதன்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020இல் வந்த திருத்தத்தின்படி, பணம் முதலில் இந்திய ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு வர வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் இதை அறியாமல் பணம் திரட்டிவிட்டு, அனுப்ப வழியில்லாமல் நிற்கக் கூடாது.

நிலைநிதி வைக்கும்போது எழுதும் பத்திரத்தில் நான்கு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும். முதலைத் தொடலாமா, கூடாதா. ஆண்டு வருவாயில் எத்தனை பங்கைச் செலவிடலாம், விலைவாசிக்கு ஈடாக எத்தனை பங்கை முதலோடு சேர்க்க வேண்டும். மாணவரைத் தேர்வது யார், கொடையாளரின் குடும்பத்துக்கு அதில் இடம் உண்டா, இல்லையா. குறிப்பிட்ட துறையோ படிப்போ இல்லாமல் போனால், அதற்கு நெருங்கிய எந்த நோக்கத்துக்குப் பணத்தைத் திருப்பலாம், அதை முடிவு செய்யும் அதிகாரம் எந்தக் குழுவுக்கு. தட்டச்சுப் பயிற்சிக்கென்று மட்டும் எழுதிவைத்த ஒரு நிதி, இன்றைய மாணவருக்குக் கணினி வாங்கித் தருமா, வங்கியில் கிடந்து தூங்குமா என்பது அந்தக் கடைசி வரியைப் பொறுத்தது.