அடி யார் மேல் விழுகிறது?

 

இந்தக் கூட்டத்தில் பேச எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'எதிர்ப்பின் நடுவே கிறிஸ்தவன்'. நோட்டீஸில் சிங்கங்களுக்கு நடுவே தானியேல் நிற்கிற படம் வேறு போட்டிருக்கிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தாம்பரம் கேம்ப் ரோட்டில் சிங்கம் கிடையாது, பார்க்க வேண்டுமானால் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போக வேண்டும். நம் மேல் பாய்வது எது, எதற்காகப் பாய்கிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் தானியேல் ஆகலாம்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் பெரிய ஸ்பீக்கர். அடுத்த வீட்டில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. அந்த அப்பா இரண்டு தடவை வந்து சொல்லிப் பார்க்கிறார், மூன்றாவது தடவை போலீசுக்குப் போன் போடுகிறார். மறுநாள் நம் சபையில் 'உபத்திரவம் வந்துவிட்டது' என்று சிறப்பு ஜெபம்! ஐயா, அது உபத்திரவம் இல்லை, சத்தம். மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்கள் ஒரு சபையின் மேல் இதற்காகவே வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் 2000-இல் தீர்ப்பு வந்தது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபம் பண்ணும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். சபை தோற்றது. தோற்றது நியாயம் என்பதுதான் என் கட்சி. கோபம் வருகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேதுருவின் முதல் நிருபம் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைத்து வாங்குகிற அடி கிறிஸ்துவின் கணக்கில் வராது என்று அவர் அப்போதே பிரித்து வைத்துவிட்டார்.

கழித்தாயிற்று. மிச்சம் இருப்பது சின்ன விஷயமா? 1999 ஜனவரியில் ஒடிசா மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், அவர் பிள்ளைகள் 10 வயது பிலிப்பையும், 6 வயது தீமோத்தேயுவையும் உயிரோடு கொளுத்தினார்கள். 2008-இல் அதே ஒடிசாவில் கந்தமால் கலவரம். 2024-இல் உத்தரப் பிரதேசம் தன் மதமாற்றத் தடைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஆயுள் சிறை வரை ஏற்றியது. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்றும் ஆக்கியது. இதையெல்லாம் 'வடக்கே நடக்கிறது' என்று சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விடுகிறோம். நான் நம் ஊருக்கு வருகிறேன்.

சேலையூர்ப் பக்கம் நம் சபைக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வீடு பார்க்கப் போனது. நானும் கூடப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. வெயில் என்று மோர் கொடுத்தார். பெயரைக் கேட்டார். சொன்னார்கள். "கிறிஸ்டினா? அதுக்கென்ன, நாங்களும் வருஷா வருஷம் வேளாங்கண்ணி போறவங்கதான்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "கிறிஸ்டின்ல நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். பதில் சொன்னதும், முந்தின நாளே வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஏசுவின் பேரில் அந்த அம்மாவுக்கு ஒரு பகையும் இல்லை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். அப்படியானால் அந்தக் கதவு யார் முகத்தில் சாத்தப்பட்டது?

இது இன்று நேற்று வந்ததல்ல. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். 1880-களிலும் 90-களிலும் ஸ்காட்லாந்து மிஷன் ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டிலும், வெஸ்லியன் மிஷன் வில்லியம் கௌடி திருவள்ளூர்ப் பக்கமும் சேரிகளில் வேலை செய்தார்கள். மிராசுதார்கள் கொதித்தார்கள். பைபிளைப் பார்த்தா? சேரிக்காரனின் குடிசை நிற்கிற மண்ணே மிராசுதாருடையது என்பதுதான் அந்தக் காலத்து வழக்கு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாயா, தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாயா, ஞானஸ்நானம் எடுத்தாயா, குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பு! பண்ணையாள் எந்தச் சாமியைக் கும்பிட்டால் அவர்களுக்கென்ன? ஆள் கையை விட்டுப் போகிறானே, அதுதான் எரிச்சல். மிஷனரிகள் விடாமல் மனு எழுதினார்கள். கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-இல் அறிக்கை கொடுத்தார்: இவர்களுக்குக் குடியிருக்க மனை வேண்டும், பள்ளி வேண்டும், உழுவதற்குத் தரிசு நிலம் வேண்டும். இந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கி 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம், பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் மூலம் நம் மாவட்டம்தான்.

அந்த நிலம் யார் யார் கைக்கெல்லாம் போனது என்பது தனிக் கதை, விடிய விடியப் பேசலாம். நூறு வருஷம் கழித்து இதே மாவட்டத்துக் கரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்ட மக்கள் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் இரண்டு பேர். ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு பெயரில் பைபிள், இன்னொன்றில் திருப்பதி. இந்த இரண்டு பெயரையும் இதற்கு முன்னால் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பின்வரிசைத் தம்பிகள் மட்டும்தானா? முன்வரிசையில் ஒருவர்கூட இல்லையா? சரி, இறக்குங்கள்.

மதம் மாறின சேரிக்காரனுக்குச் சட்டம் என்ன செய்தது? சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடராய்ப் பிறந்து கிறிஸ்தவர் ஆனவர். செருப்புத் தைக்கிற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே செருப்பைத் தைத்தவருக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி குறுக்கே நின்றது. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். சூசை உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறின பிறகும் அந்தச் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபித்துக் காட்டு என்று சொல்லி, 1985-இல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நிரூபிப்பதா? சேலையூரில் மோர் குடித்த வீட்டுக்கு நீதிபதிகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதி விஷயத்தில் மதத்தைப் பார்க்காதே என்று பரிந்துரைத்தது. 2022-இல் இதையே ஆராயப் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. ஆணையத்துக்குப் பஞ்சமில்லை.

இப்போது கைதட்டுகிறீர்கள். அடுத்ததற்கும் தட்டுகிறீர்களா பார்க்கலாம். சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு நீதிமன்றம் கேட்ட சாட்சியம் நம் கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்பியது ஆர்.எஸ்.எஸ்.காரரா? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்குத்தளம் கேட்டபோது அவர்களை எதிர்த்து எழுந்தது யார்? ஒரே சிலுவை போட்டுக்கொள்கிற வன்னியக் கிறிஸ்தவர்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர். கிறிஸ்தவனுக்கு எதிர்ப்பு என்று தலைப்புப் போட்டீர்களே, கிறிஸ்தவனுக்குக் கிறிஸ்தவன் காட்டின எதிர்ப்பு அதில் சேர்த்தியா இல்லையா? முன்வரிசை அமைதியாகிவிட்டது. எதிர்பார்த்ததுதான்.

எதிரே இருக்கிறவர்கள் எல்லாரும் பகைவர்கள் என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதத்தைப் பரப்பும் உரிமை 25-ஆம் பிரிவில் சும்மா வந்து உட்காரவில்லை. 1948 டிசம்பர் 6-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் 'பரப்பும்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிக் கடும் வாதம் நடந்தது. அந்தச் சொல் இருக்கட்டும் என்று எழுந்தவர்களில் ஒருவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. ஐயங்கார். நம் கிறிஸ்டியன் காலேஜில் படித்தவர். ஏறத்தாழ 14 வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், என்னை யாரும் மதம் மாற்றப் பார்க்கவில்லை என்று சாட்சி சொன்னார். பாடம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்த வாத்தியார்கள் சம்பாதித்து வைத்த சாட்சி அது. இன்று நம் பள்ளியில் படித்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை 20 வருஷம் கழித்து நமக்காக எழுந்து நிற்குமா? டொனேஷன் ரசீதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

2002 அக்டோபரில் நம் மாநிலத்திலும் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது ஞாபகம் இருக்கும். மாற்றப்பட்டவர் பெண்ணோ, பட்டியல் சாதியோ, பழங்குடியோ என்றால் தண்டனை அதிகம்: 4 வருஷம், ஒரு லட்சம் அபராதம். மேல்சாதி ஆண் தானாக யோசித்து மாறுவானாம், இவர்களுக்கு யோசிக்கத் தெரியாதாம்! சட்டத்தின் எழுத்திலேயே எட்டிப் பார்த்தது சாதிதானே? உபவாசம் இருந்தோம், பள்ளிகளை மூடினோம், ஊர்வலம் போனோம். முஸ்லிம் சகோதரர்கள் கூட வந்தார்கள், பெரியார் தொண்டர்கள் கூட வந்தார்கள். 2004 மே மாதம் தமிழ்நாடு, புதுச்சேரி 40 தொகுதியிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. தேர்தல் முடிவு வந்த சில நாட்களில் சட்டம் வாபஸ். ஜெபத்தை ஆண்டவர் கேட்டார், ஓட்டை முதலமைச்சர் அம்மையார் எண்ணிப் பார்த்தார்.

வாசலில் ஒரு மேசை போட்டு இரண்டு தாள் வைத்திருக்கிறோம். ஒன்று, 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி டெல்லிக்குப் போகிற மனு. இன்னொன்று உங்கள் உங்கள் சபைக்கமிட்டிக்கு: எங்கள் கல்லறையில் சாதிக்கு ஒரு வரிசை கிடையாது, எங்கள் பள்ளி வேலையிலும் கமிட்டித் தேர்தலிலும் சாதி பார்க்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்கிற மனு. பேனா கட்டிப் போட்டிருக்கிறது. இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட மனசில்லாதவர்கள் தயவுசெய்து முதல் தாளைத் தொட வேண்டாம்.