வேகத்துக்குக் கெடு வைத்தவர் யார்?



சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஷிப்டுக்கும் அறுப்புக்கும் சைக்கிள் மிதித்துப் போகிறவர்கள் நாம். ஆனால் இன்று சொல்லப்போவது அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துச் சைக்கிளைப் பற்றி. பேட்டரியும் மோட்டாரும் வைத்த வண்டி. ஓட்டலிலிருந்து வீடு வீடாகச் சாப்பாடு சுமக்கும் தொழிலாளிகள் அங்கே அறுபதாயிரத்துக்கு மேல். பெரும்பாலோர் மெக்சிகோ, குவாதமாலா, வங்காள தேசம் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்கப் போனவர்கள்.

அந்த வண்டியின் சரித்திரத்தைக் கேளுங்கள். 2018-ல் கைப்பிடியைத் திருகினால் ஓடும் சைக்கிள் சட்டவிரோதம். பிடிபட்டால் 500 டாலர் அபராதம், வண்டியும் பறிமுதல். 2019-ல் அதை அனுமதிக்கும் மசோதாவை மாகாண சட்டசபை நிறைவேற்றியது. டிசம்பரில் கவர்னர் கூவோமோ அதை நிராகரித்தார். நாலு மாதம் போயிற்று. கொரோனா வந்தது. கனவான்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாப்பாடு கொண்டுவர ஆள் வேண்டுமே! 2020 ஏப்ரலில் பட்ஜெட்டோடு சேர்த்து வண்டி சட்டபூர்வமாகிவிட்டது. நேற்று வரை குற்றவாளி, இன்று அத்தியாவசியத் தொழிலாளி!

ஆபத்து தீர்ந்ததும் பழைய பாட்டு. 2025 ஏப்ரலில், சிவப்பு விளக்கைத் தாண்டிய சைக்கிள்காரருக்கு கிரிமினல் சம்மன் கொடுக்கத் தொடங்கியது போலீஸ். அதே தவறைச் செய்த காரோட்டிக்கு வெறும் போக்குவரத்து அபராதம்தான். சைக்கிள்காரர் கோர்ட்டில் நிற்க வேண்டியிருந்தது, தவறினால் வாரண்டு. குடியுரிமை இல்லாதவருக்குக் கோர்ட்டு வாசல் என்றாலே வயிறு கலங்கும். அக்டோபரில் மின் சைக்கிளுக்கு மணிக்கு 15 மைல் வரம்பு வந்தது. பக்கத்தில் ஓடும் காருக்கோ பொதுவாக 25 மைல். பதிவும் நம்பர் பலகையும் கட்டாயமாக்க வேண்டும் என்று மாகாண சட்டசபையில் மசோதாவும் வந்தது. பக்கத்து மாகாணமான நியூ ஜெர்ஸியில் 2026 ஜனவரியில் லைசென்சும் பதிவும் கேட்கும் சட்டத்தில் கவர்னர் கையெழுத்திட்டார். (முனிசிபாலிடி வில்லை இல்லாத சைக்கிளை ஓரங்கட்டிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.)

நடந்து போகிறவர்மீது இந்த வண்டி மோதுவது உண்மை. உயிரே போனதும் உண்டு. அந்தக் குடும்பத்தின் கண்ணீரை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஒழுங்கு வேண்டும். ஆனால் 2023-ல் அந்நகரில் மாண்ட 30 சைக்கிள்காரர்களில் 23 பேர் மின் சைக்கிளில் போனவர்கள். அதே ஆண்டில் பேட்டரி தீப்பிடித்து 18 பேர் செத்தார்கள். தரம் சோதிக்காத மலிவுப் பேட்டரியை விற்றவன் லாபம் பார்த்தான். வாங்கியவன் படுக்கிற அறையில் அது வெடித்தது. விற்பவனைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நகர சபை 2023-லும் மாகாணம் 2024-லும் கொண்டுவந்தன.

தொழிலாளி ஏன் பறக்கிறான்? பொட்டலத்துக்கு இத்தனை என்று கூலி வைத்தால் பறக்காமல் என்ன செய்வான்? எத்தனை நிமிஷத்தில் சேர வேண்டும் என்று டெலிபோன் திரையில் கெடு வைப்பது கம்பெனி. நம்பர் பலகை ஓட்டுகிறவனைப் பிடித்துக் கொடுக்கும். கெடு வைத்தவனைப் பிடித்துக் கொடுக்குமா?

2020-ல் இத்தொழிலாளிகள் ‘லாஸ் டெலிவரிஸ்டாஸ் உனிடோஸ்’ என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். ஓட்டல் கக்கூஸைப் பயன்படுத்தும் உரிமைக்கே 2021-ல் சட்டம் போட வைக்க வேண்டியிருந்தது! பிறகு குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. கோர்ட்டு கைவிரித்தது. 2023 டிசம்பரில் மணிக்கு 17.96 டாலர் கிடைத்தது. மணிக்கணக்கில் கூலி வந்தால் சிவப்பு விளக்கில் நிற்கிற ஒரு நிமிஷம் நஷ்டமில்லை.

மசோதா வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சோதித்த பேட்டரிக்கும் ஹெல்மெட்டுக்கும் யார் பணம் கட்டுவது, கம்பெனியின் கெடுவை யார் தணிக்கை செய்வது என்ற ஷரத்துகளை அதில் முதலில் எழுதட்டும். நம்பர் பலகையைப் பிறகு மாட்டலாம்.